உப்புக்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸ் மக்களுக்குப் பெரிதும் பயன்பட்டவர் கிராம மருத்துவர் ஹுவான் ஃபிளாவியரா, அரசியல்வாதி ஹுவான் ஃபிளாவியரா என்பது இன்றைய தலைப்பு. அரசியல்வாதிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். டாக்டருக்குப் படித்தவர், மணிலாவில் கிளினிக் போட்டுச் சம்பாதிக்காமல் கிராமத்துக்குப் போனார். ஏறத்தாழ முப்பது வருஷம் வயல்வரப்பில் நடந்தார். குடும்பக் கட்டுப்பாட்டைக்கூட விவசாயிக்குப் புரிகிற உவமைகளில் விளக்கினார். 1992-ல் அதிபர் ஃபிடெல் ராமோஸ் அவரைச் சுகாதார அமைச்சர் ஆக்கியதும் ஏழைகள் ஒரு நல்ல டாக்டரை இழந்துவிட்டார்கள் என்றார். கேட்கும்போது எனக்கும் மனசு கனத்தது. அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாளைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, 'இழந்துவிட்டார்கள்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உப்பை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டு மண்ணில் இருக்கும் அயோடினை மழை அரித்துக்கொண்டு போய்விடும். அங்கே விளைகிற காயிலும் கிழங்கிலும் அது போதிய அளவு இருக்காது. அதையே தின்று வளர்கிறவர்களுக்குக் கழுத்தில் கழலை வரும். இது கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு இன்னும் கொடுமையானது. கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்த பிறகு எந்த டாக்டராலும் அதை மீட்டுத் தர முடியாது. கிராமத்து டாக்டர் கழலையைத் தொட்டுப் பார்ப்பார், மருந்து கொடுப்பார். நாட்டில் இருக்கிற அத்தனை வீட்டு உப்பு ஜாடிக்குள்ளும் அவர் கை போகுமா? அமைச்சரின் கை போயிற்று. அவருடைய துறை, அயோடின் கலந்த உப்பை 'ஃபிடெல்' என்ற பெயரிலேயே மக்களிடம் கொண்டுபோனது. அதிபரின் பெயர் அல்லவா, யார் மறப்பார்கள்! 1995-ல் அவர் செனட்டர் ஆனார். அந்த டிசம்பரிலேயே, மனிதர் உண்ணும் உப்பில் அயோடின் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. கொதிக்கிற சட்டியில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவும் தாய்க்கு அந்தச் சட்டத்தின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியது சேர்ந்துவிடும்.

அடுத்து, போலியோ. சொட்டு மருந்தைக் குளிர் குறையாமல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாட்டில் கொண்டுசேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியைப் படகில் ஏற்றி, கரையில் இறக்கி, தலைச்சுமையாகத் தூக்கிப் போக வேண்டிய ஊர்கள் எத்தனையோ. 1993-ல் அவர் தேசியத் தடுப்பூசி நாட்களை அறிவித்து, நாடு முழுவதையும் அந்த வேலையில் இறக்கினார். இயற்கை போலியோ வைரஸ் அந்த நாட்டில் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியதும் அதே 1993-ல்தான். 2000-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. 2019-ல் திரும்பி வந்ததே என்று எதிரணி கேட்கலாம். ஆமாம், வந்தது. அப்போது கிராமங்களில் நல்ல டாக்டர்கள் இல்லாமல் போய்விட்டார்களா? இருந்தார்கள். சொட்டு மருந்து போதிய குழந்தைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அது அரசாங்கம் கவனிக்க வேண்டிய வேலை. என் கட்சிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நல்ல டாக்டரை இழந்தார்கள் என்றார் அல்லவா? டாக்டரே இல்லாத ஊர்களுக்கு இளம் டாக்டர்களை அனுப்பும் திட்டத்தையும் 1993-ல் அவர்தான் தொடங்கினார். இன்றும் நடக்கிறது. ஒருவர் போன இடத்துக்கு ஆண்டுதோறும் பலர் போகிறார்கள்.

பதவி சுகத்துக்காகப் போனார் என்று இன்னொரு நண்பர் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு வருத்தம். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், எய்ட்ஸைத் தடுக்க ஆணுறை பற்றியும், தாய்மார்களுக்காகக் குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் அமைச்சர் வெளிப்படையாகப் பேசினார். கார்டினல் ஹைமே சின் தலைமையில் திருச்சபையே எதிர்த்து நின்றது. சுகம் தேடுகிறவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். இவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. திருச்சபையின் எதிர்ப்போடுதான் 1995-ல் செனட் தேர்தலில் நின்றார். ஐந்தடி உயரம்கூட இல்லாத அந்த மனிதரை மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். 2001-ல் மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட என் மனசுக்கு நெருக்கமானது நிலத்தின் கதை. ஃபிளாவியர் பிறந்தது மணிலாவின் தொண்டோ. வளர்ந்தது பெங்கெட் மலைநாட்டில், தங்கச் சுரங்கப் பக்கம். அந்தப் பெங்கெட்டைச் சேர்ந்த இபலோய் இனத்தவர் மத்தேயோ கரின்யோ, தன் முன்னோர் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதை எதிர்த்து அப்போது அந்த நாட்டை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1909-ல் அந்த நீதிமன்றம், காலம் காலமாக அவர்கள் வைத்திருந்த நிலம் அவர்களுடையதே என்று சொன்னது. தீர்ப்பு வந்ததே தவிர, பழங்குடிகளின் கையை விட்டு நிலம் போவது நிற்கவில்லை. 1997-ல் பழங்குடிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. செனட்டில் அதை முன்மொழிந்து வாதாடியவர் ஃபிளாவியர். அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2000-ல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தில் ஏழு பேர் அந்தப் பக்கம், ஏழு பேர் இந்தப் பக்கம். சமமாக நின்றதால் வழக்கு தள்ளுபடியானது, சட்டம் பிழைத்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டாக்டரை அந்த மலைவாசி கும்பிட்டிருப்பார். ஆனால் அவர் பேரனுக்கு நிலம் தங்க வேண்டுமென்றால் யாராவது செனட்டில் எழுந்து பேசியாக வேண்டும் அல்லவா?

கடைசியாக ஒன்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். அவர் அமைச்சராக இருந்தபோது கிராமத்து மூலிகைகளை அரசு மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். 1997-ல் அதற்கும் சட்டம் வந்தது. அவர்களுடைய சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளில் பூண்டு உண்டு, பாகல் உண்டு, கொய்யா இலை உண்டு. அப்புறம், அவர்கள் லகுண்டி என்று சொல்லும் செடி ஒன்று உண்டு. நம் வீட்டில் சளி பிடித்தால் ஆவி பிடிக்கப் பறிக்கிறோமே, அதே நொச்சிதான். எந்தக் கிராமத்துப் பாட்டி அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தாளோ தெரியாது. இன்று மணிலாவில் எந்த மருந்துக் கடையிலும் அது இருமல் மருந்தாகக் கிடைக்கிறது.

நன்றி, வணக்கம்.