நாலு டாக்டரும் ஒரு சி.டி.ஜி. தாளும்

லேபர் வார்டில் வேலை பார்க்கும் அனைவருக்கும் வணக்கம்.

கர்ப்பிணியின் வயிற்றில் பட்டையைக் கட்டியதும் சி.டி.ஜி. மெஷின் தாளைத் தள்ள ஆரம்பித்துவிடும். மேலே குழந்தையின் இதயத் துடிப்பு, கீழே கர்ப்பப்பையின் இறுக்கம். மெஷின் வரைந்த கோடுதானே, எந்த டாக்டர் பார்த்தாலும் ஒன்றைத்தானே சொல்வார் என்று வெளியே காத்திருக்கும் குடும்பம் நம்புகிறது.

டென்மார்க்கில் இதைச் சோதித்துப் பார்த்து 1987-இல் எழுதினார்கள். நான்கு மகப்பேறு மருத்துவர்கள், 50 தாள்கள். நால்வரும் ஒத்துப்போனது 22 சதவீதத்தில்தான். அதுகூடப் போகட்டும். இரண்டு மாதம் கழித்து அதே தாள்களை அதே டாக்டர்களிடம் நீட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத் தாங்கள் முன்பு சொன்னதையே மாற்றிச் சொன்னார்கள்!

துடிப்பு நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் நடுவில், கோட்டின் ஏற்ற இறக்கம் 5 முதல் 25 துடிப்பு வரை, துடிப்பில் சரிவு எதுவும் இல்லை என்றால் பெரிதாகச் சண்டை வராது. கோடு கொஞ்சம் தட்டையாகி, அங்கங்கே துடிப்பு சரியும்போதுதான் தகராறு. ஒருவர் "தொப்புள்கொடி அழுந்துது, பார்க்கலாம்" என்பார். இன்னொருவர் ஆபரேஷன் தியேட்டருக்கு போன் போடுவார். தாளின் வேகமும் குழப்பும். அமெரிக்காவில் நிமிடத்துக்கு 3 செ.மீ., ஐரோப்பாவில் பல இடங்களில் 1 செ.மீ. ஒரே இதயம் அமெரிக்கத் தாளில் நீண்டு தெரியும், ஐரோப்பியத் தாளில் நெருங்கித் தெரியும்.

இலங்கைத் தமிழரான சர் அருள்குமரன் 2012 முதல் 2015 வரை தலைமை வகித்த சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு, 2015-இல் இந்தத் தாளைப் படிக்கும் விதிகளை எளிதாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் விதியைப் படிப்பதும் அதே கண்கள்தானே? கம்ப்யூட்டரிடம் விடலாம் என்றும் பார்த்தார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 46,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. மென்பொருள் எச்சரித்தும் குழந்தைகளின் நிலை மேம்படவில்லை.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். "மோசமா இருக்கு, பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே தாளை நீட்டாதீர்கள். அப்படிச் சொன்னால் அவருக்கும் மோசமாகத்தான் தெரியும். தாய்க்குக் காய்ச்சலா, பனிக்குட நீர் பச்சையா, கர்ப்பப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். உங்கள் தீர்ப்பை மட்டும் டாக்டர் வாய் திறந்த பிறகு சொல்லுங்கள். நைட் டூட்டி நர்ஸ் வேறு மாதிரி சொன்னால், அதையும் நேரம் போட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.