கேட்காமலே வந்த பார்சல், கூடவே வந்த பில்: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி என்ன செய்யலாம்?

[காட்சி: சாப்பாட்டு மேசை மேல் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. டேப்பைக் கத்தரித்துத் திறக்கும் கை.]

வணக்கம். இந்தப் பெட்டிக்குள் இருப்பது மூட்டு வலிக்கு நல்லது என்று லேபிள் ஒட்டிய கேப்சூல், இரண்டு பாட்டில். அதன் மேல் நாலாக மடித்த ஒரு தாள். உதாரணத்துக்கு, அதில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "விலை 899 ராண்ட். 14 நாட்களுக்குள் செலுத்தவும். பொருளைத் திருப்பி அனுப்பாவிட்டால் நீங்கள் வாங்கிக்கொண்டதாகக் கருதப்படும்." பெயர் சரி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி முகவரியும் சரி. ஆனால் அந்த வீட்டில் யாரும் இதைக் கேட்கவே இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த மாதிரி நேரத்தில் "எதுக்கு வம்பு" என்று பணத்தைக் கட்டிவிடுவார்கள். இல்லையென்றால் பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வரும் கடிதங்களைப் பிரிக்காமலே விடுவார்கள். முதலாவது வீண் செலவு. இரண்டாவது சில சமயம் சிக்கலில் கொண்டுபோய் விடும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

[திரையில் எழுத்து: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 68/2008, பிரிவு 21]

முதலில் சட்டம். 2008இல் நிறைவேறி 2011இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு முழுக்க இந்த விஷயத்துக்கே எழுதியது. கேட்காத பொருளுக்குப் பணம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது அனுப்பியவர் செலவில் திருப்பி அனுப்பலாம். வழியில் உடைந்தாலும் தொலைந்தாலும் அது அவர் பாடு. விவரம் தெரியாமல் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? அந்தப் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம்.

அந்தத் தாளில் இருந்த கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா, "திருப்பி அனுப்பாவிட்டால் வாங்கிக்கொண்டதாகக் கருதப்படும்" என்று? அதற்கு 31ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வியாபாரம் செய்வதற்குத் தடை. அப்படி ஏற்பட்டதாகச் சொல்லும் ஒப்பந்தம் செல்லாது. என்னைக் கேட்டால், பணம் கேட்கும் தாளில் இந்த வரி இருப்பது உங்களுக்கு லாபம்தான். அவர்கள் கைப்படவே எழுதிக் கொடுத்த சாட்சி. பத்திரமாக எடுத்து வையுங்கள்.

[காட்சி: சுவர் நாட்காட்டி. டிசம்பர் மாதம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் சிவப்பில்.]

சரி, உடனே பாட்டிலைத் திறக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். தவறுதலாக அனுப்பியவருக்கும் சட்டம் ஒரு வாய்ப்புத் தருகிறது. பொருள் வந்து 10 வேலை நாட்களுக்குள் "தப்பாக அனுப்பிவிட்டோம்" என்று அவர் தெரிவித்தால், அதிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அதுவரை நீங்கள் குறுக்கே நிற்கக் கூடாது, வேண்டுமென்றே பொருளைக் கெடுக்கக் கூடாது. அவ்வளவுதான் உங்கள் பொறுப்பு. கூரியர் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, செலவும் உங்களுடையது இல்லை. அந்த 20 நாளும் வராமல் விட்டால் பொருள் உங்களுடையது.

வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். பார்சல் வந்த நாள் கணக்கில் வராது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் வராது. டிசம்பர் நடுவில் வந்த பார்சல் என்றால் 16, 25, 26, ஜனவரி 1 எல்லாம் கழிந்து, அந்த 10 நாள் ஜனவரிக்குள் போய்விடும். நான் சொல்வது, 10 வேலை நாள் முடியும் வரை சீலை உடைக்காமல் ஓர் ஓரமாக வையுங்கள். உரிமை ஒருபக்கம் இருக்கட்டும், உடைக்காத பெட்டி இருந்தால் வாதம் சுலபமாக முடியும்.

பார்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருந்தால் கதை வேறு. வேறு யாருக்கோ போக வேண்டியது என்று பார்த்தவுடன் தெரிகிற பொருளை, தகவல் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. அனுப்பியவருக்கோ கொண்டு வந்தவருக்கோ சொல்ல வேண்டும். சொல்லியும் 20 வேலை நாளில் வந்து எடுக்கவில்லை என்றால்தான் அது கேட்காத பொருள் ஆகும்.

இந்தப் பிரிவுக்குள் வருபவை இன்னும் சில. வாசலுக்கு வரும் சேல்ஸ்மேன் "பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று பணம் பற்றிப் பேசாமல் விட்டுப்போன சாமான். மாதாமாதம் வரும் புத்தக வரிசையில் உங்களைக் கேட்காமல் திடீரென்று நுழைத்த வேறொரு பொருள். சந்தாவை நிறுத்திய பிறகும் வந்துகொண்டே இருக்கும் பிரதி. ஒன்று கேட்டு மூன்று வந்தால், ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

[காட்சி: பழைய லேண்ட்லைன் போன். ஆயா (பாட்டி) ஒருவர் காதில் வைத்தபடி தலையாட்டுகிறார்.]

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். "நான் கேட்கவே இல்லை" என்று சொல்வதற்கு முன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். முக்கியமாக, பகலில் போன் எடுப்பவர் யார்? மரியாதைக்காக எதற்கும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டே கேட்பது நம் பெரியவர்களின் பழக்கம். விற்பவர் "மேடம், ஒரு டிரையல் பேக் அனுப்பட்டுமா, கூரியர் காசு மட்டும்தான்" என்று கேட்கிறார். ஆயா "யெஸ், யெஸ்" என்கிறார். அவரைப் பொறுத்தவரை அதற்கு "கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று அர்த்தம். ஒலிப்பதிவில் அது சம்மதமாகத்தான் கேட்கும்.

அப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் 21ஆம் பிரிவை நீட்டாதீர்கள், 16ஆம் பிரிவுக்குப் போங்கள். நேரடி விற்பனையில், அதாவது அவர்களாகத் தேடி வந்து விற்றதில், பொருள் கைக்கு வந்து 5 வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் சொல்ல வேண்டும், மின்னஞ்சல் அனுப்பினாலும் ஆகும். ஆனால் இந்த வழியில் போனால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. கூரியர் காசோடு போகட்டும் என்று முடித்துக்கொள்ளலாம். நீங்களே இணையத்தில் போய் ஆர்டர் செய்தது என்றால் அதற்கு 2002ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டம், பெரும்பாலான பொருட்களுக்கு 7 நாள்.

அவர்கள் "நீங்கள் சம்மதித்தீர்கள்" என்று அடித்துச் சொன்னால், "சரி, அந்த ஒலிப்பதிவை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். உண்மையிலேயே இருந்தால் அனுப்புவார்கள். இல்லாதவர்கள் குரலை உயர்த்துவார்கள்.

[காட்சி: மூன்று கடிதங்கள் வரிசையாக. மூன்றாவதில் சிவப்பு எழுத்தில் "இறுதி எச்சரிக்கை".]

அடுத்தது, மிரட்டல் கடிதங்கள். முதல் கடிதம் இனிக்க இனிக்க இருக்கும். இரண்டாவதில் தாமதக் கட்டணம் சேரும். மூன்றாவது சிவப்பு எழுத்தில் வரும், பக்கத்தில் தராசு படம் போட்டு, கோர்ட்டில் இருந்து வந்தது போல. முதல் கடிதத்துக்கே ஒரு பதில் போடுங்கள். ஒரே ஒரு பதில், எழுத்தில், ஆங்கிலத்தில். சாரம் இப்படி இருக்கட்டும்:

[திரையில் எழுத்து வரி வரியாக:]

"இன்ன தேதியில் உங்களிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. நானோ என் வீட்டாரோ இதைக் கேட்கவில்லை. கேட்டதாக நீங்கள் சொன்னால் அதற்கான ஆதாரத்தை அனுப்பவும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 21இன்படி நான் பணம் செலுத்த வேண்டியதில்லை. தவறாக அனுப்பியிருந்தால் சட்டம் தரும் காலத்துக்குள் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொகையை நான் மறுக்கிறேன்."

"தயவுசெய்து", "மன்னிக்கவும்" எல்லாம் வேண்டாம். முக்கியமாக, "பென்ஷன் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன்" என்று எழுதவே கூடாது, போனிலும் சொல்லக் கூடாது. இல்லாத கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அடையாள எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் யார் கேட்டாலும் தராதீர்கள்.

பிறகு கடன் வசூலிப்பவர் கூப்பிடலாம். இந்த நாட்டில் 1998ஆம் ஆண்டின் கடன் வசூலிப்போர் சட்டப்படி அவர் கடன் வசூலிப்போர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வழக்கறிஞர்களுக்கு அந்தப் பதிவு தேவையில்லை, அவர்களுக்குத் தனி ஒழுங்கு அமைப்பு இருக்கிறது. அதனால் முதல் கேள்வி, "உங்கள் பதிவு எண் என்ன?" எண்ணை எழுதிக்கொண்டு மன்றத்தில் சரிபாருங்கள். மிரட்டுவது, கோர்ட் தாள் போலப் போலி செய்து அனுப்புவது, போலீஸ் என்றோ ஷெரீஃப் (கோர்ட் தாள்களைக் கொண்டுவந்து தரும் அதிகாரி) என்றோ சொல்லிக்கொள்வது எல்லாமே அந்தச் சட்டப்படி முறைகேடு. மன்றத்தில் புகார் செய்யலாம்.

"போலீஸ் வருவாங்களாப்பா?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். வர மாட்டார்கள், தாத்தா. கடன் கட்டாததற்காகச் சிறையில் போடும் விதிகளை அரசியலமைப்பு நீதிமன்றம் 1995லேயே ரத்து செய்துவிட்டது. அதுவும் உண்மையான கடனுக்கே சிறை இல்லை. இது கடனே இல்லை.

[காட்சி: வாசல் கேட். அடையாள அட்டையைக் காட்டும் ஷெரீஃப், கையில் ஓர் உறை.]

ஆனால் இந்த ஓர் உறையை மட்டும் பிரிக்காமல் விடாதீர்கள். முத்திரை, வழக்கு எண்ணோடு நீதிமன்ற சம்மன் வந்தால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 10 நாட்களுக்குள் எதிர்வழக்காடப் போவதாகத் தெரிவிக்க வேண்டும். அங்கேயும் சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. விட்டுவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு ஆகிவிடும். பிறகு பிரிவு 21 உங்கள் பக்கம் இருந்தும், அந்தத் தீர்ப்பை நீக்கத் தனியாக மனு போட வேண்டி வரும். கடிதங்களைப் பிரிக்காமல் விடுவது சிக்கல் என்று சொன்னது இதற்குத்தான். சம்மன் உண்மையா என்று சந்தேகம் இருந்தால், அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கோர்ட்டின் எண்ணை நீங்களாகத் தேடி எழுத்தரிடம் வழக்கு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். லீகல் எய்ட் (சட்ட உதவி) அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 900 ராண்டுக்காக வழக்கு வரை போகிறவர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம். அதை நம்பி உறையைப் பிரிக்காமல் விடாதீர்கள்.

வங்கிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுமதிக்காத டெபிட் ஆர்டர், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு, ஓடியிருந்தால் உடனே வங்கியில் மறுப்புப் பதிவு செய்யுங்கள், 40 நாட்களுக்குள் செய்வது நல்லது. டெபிசெக் (டெபிட் ஆர்டருக்கு முன்கூட்டியே உங்கள் சம்மதம் கேட்கும் வங்கி முறை) அனுமதி கேட்டு போனில் செய்தி வந்தால் தெரியாமல் அமுக்கிவிடாதீர்கள். அனுமதி கொடுத்த பிறகு மறுப்பது கஷ்டம். அப்புறம், கடன் தகவல் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். இந்தத் தொகை அதில் ஏறியிருந்தால் மறுத்து எழுதுங்கள்.

[காட்சி: கோயில் அலுவலக மேசை. ரசீதுப் புத்தகம், பக்கத்தில் ஒரு படிவம்.]

இது வீட்டுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. கோயில் கமிட்டிக்கும் சின்னக் கடைகளுக்கும் வருவது வேறு ரகம்: "உங்கள் விவரம் சரியா என்று பார்த்துக் கையெழுத்திடவும்" என்று ஒரு படிவம். அடியில் எறும்பு எழுத்தில், கையெழுத்து போட்டால் வர்த்தக விவரப் புத்தகத்தில் கட்டண விளம்பரத்துக்குச் சம்மதம் என்று இருக்கும். காவடி வேலையில் மூழ்கியிருக்கும் செயலாளர் படிக்காமல் போட்டுவிடுவார். கையெழுத்து போட்டிருந்தாலும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். வாங்குபவரைப் பாதிக்கும் நிபந்தனையைக் கண்ணில் படும்படி எடுத்துக்காட்ட வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்து மறுத்து எழுதலாம். ஆண்டு வரவும் சொத்தும் 2 மில்லியன் ராண்டுக்குக் கீழே இருக்கும் அமைப்புகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

எழுதியும் தொல்லை நிற்கவில்லையா? நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் தரலாம். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. அதன் வரம்பு 2019இல் 20,000 ராண்டாக உயர்ந்தது. வக்கீல் தேவையில்லை, வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை. முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நீங்கள் கம்பெனி மேல் அங்கே வழக்குப் போடலாம், கம்பெனி உங்கள் மேல் அங்கே போட முடியாது.

[காட்சி: ஒரு பழுப்பு உறைக்குள் கடிதங்கள், கூரியர் சீட்டு, பெட்டியின் லேபிளை வெட்டி எடுத்த துண்டு ஆகியவற்றை வைக்கும் கை.]

கூரியர் சீட்டு, தேதி தெரியும் லேபிள், அவர்கள் கடிதம், உங்கள் பதில், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். இந்த மாதிரித் தொகைகள் பொதுவாக 3 வருடத்தில் காலாவதியாகும். அதுவரை உறை வீட்டில் இருக்கட்டும்.