தறிக்காரர் கையில் ஒரு ஜீன்ஸ்

குடியாத்தத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

லுங்கிக்குப் பெயர்போன ஊரில் நின்று ஜீன்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டுமே உழைக்கிறவர்களின் உடுப்பு. அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

அமெரிக்காவில் நெவாடா மாநிலம், ரீனோ என்ற ஊர். அங்கே ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையற்காரர். ரீகா நகரத்திலிருந்து பிழைக்கப் போனவர். குதிரைப் போர்வையும் கூடாரமும் தைத்துக்கொண்டிருந்தார். கணவனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று ஒரு பெண் கேட்டு வந்தார். கனமான சாமான்களைத் திணித்தால் முதலில் பிய்வது பையின் ஓரம்தானே? போர்வைக்கு அடிக்கிற செப்பு ரிவெட்டை எடுத்துப் பை முனைகளில் அடித்துவிட்டார் டேவிஸ். அவ்வளவுதான், சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அதே கால்சட்டை வேண்டியிருந்தது. காப்புரிமை வாங்கக் கையில் காசு போதவில்லை. தனக்குத் துணி அனுப்பிவந்த சான்பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. உலகம் ஸ்ட்ராஸின் பெயரைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்தத் தையற்காரரைத்தான் பிடிக்கும்.

சுரங்கத் தொழிலாளி, மாடு மேய்ப்பவர், அப்புறம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் என்று அது உலகம் சுற்றிய கதை உங்களுக்கே தெரியும்.

சரி, ஜீன்ஸின் அந்த நீலத்துக்கு வருகிறேன். அது அவுரி நீலம். நமக்குப் பக்கத்துத் தென்னாற்காட்டில் அவுரி பெரும்பயிராக இருந்தது. தழையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் படிகிற நீலத்தைக் கட்டியாக்கிக் கப்பலேற்றினார்கள். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அவுரியின் விலை விழுந்துவிட்டது; பயிரிட்ட குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பம்பாயின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுத் துணியிலிருந்துதான், வேலைக்குப் போடும் உடுப்பைக் குறிக்கிற 'டங்கரி' என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போயிற்று. நம் நாட்டுக்கும் இந்த உடுப்புக்கும் உறவு பழையது.

அவுரித் தொட்டியிலிருந்து தூக்கும்போது நூல் நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். அந்தச் சாயம் நூலின் மேல்புறத்திலேயே தங்கிவிடும், உள்ளே வெள்ளைதான். அதனால்தான் முழங்கால் மடிகிற இடத்தில், உட்கார்கிற இடத்தில் எல்லாம் வெளுக்கிறது. ஆளுக்கு ஆள் வெளுப்பு வேறு.

இதோ, என் அக்கா மகனுடைய பழைய ஜீன்ஸ். ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில் வேலைக்குப் போட்டுத் தேய்ந்தது. நீளவாக்கில் ஓடுகிற பாவு மட்டும் நீலம், குறுக்கே போகிற ஊடை வெள்ளை. பாவு நூல் மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே இறங்குவதால், சாய்வாக வரி ஓடுகிறது பாருங்கள். திருப்பினால் வெள்ளை தெரியும். முன்வரிசையில் தறிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐயா, முதலில் நீங்கள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள்.