எத்தனை சி.சி. என்று கேட்காதீர்கள்… சரி, கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம் மக்களே. லைட் சரியில்லை, முடி வாரவில்லை, தெரிகிறது. இதை இப்போதே பேசாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். போன வீடியோவில் மார்பக இம்ப்ளான்ட்டுக்கு ரிவிஷன் சர்ஜரி, அதாவது ஏற்கெனவே வைத்ததை எடுத்து மாற்றிச் சரிசெய்கிற சர்ஜரி, செய்யப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா? வலது பக்கம் எப்படிக் கீழே இறங்கிவிட்டது, குனிந்தால் ஓரத்தில் எப்படி மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது என்று அவ்வளவு விலாவாரியாகச் சொன்னேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "அக்கா, இந்தத் தடவை எத்தனை சி.சி.?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. உங்கள் மேல் இல்லை, அந்த எண்ணின் மேல். சி.சி. என்பது வெறும் கொள்ளளவு. ஒரு சி.சி. ஒரு மில்லிலிட்டர், அவ்வளவுதான். அது எவ்வளவு அகலம், எவ்வளவு முன்னால் நிற்கும், யார் உடம்பில் போகிறது என்று அந்த எண் எதுவுமே சொல்லாது. 400 சி.சி. என்றால் தட்டையாக அகலமாகவும் கிடைக்கும், குறுகலாக நன்றாக முன்னுக்குத் தள்ளிக்கொண்டும் கிடைக்கும். ப்ரொஃபைல் என்று சொல்வது இதைத்தான். மாடரேட், ஹை என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதே 400-இல் இரண்டு ப்ரொஃபைலுக்கு நடுவே விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரலாம். ஒரு சென்டிமீட்டர் என்றால் கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நெஞ்சில் அது அக்குளுக்குள் போய் இடிக்கிற சென்டிமீட்டர். என் பழைய இம்ப்ளான்ட்டின் விட்டம் 13.5, என் மார்பகத்தின் அடி அகலம் 12.5. அந்த ஒரு சென்டிமீட்டரைத்தான் இத்தனை காலமாக நான் கையை மடக்கும்போதெல்லாம் உணர்ந்துகொண்டிருந்தேன்.

இந்த அடி அகலத்தை அளக்கிற கருவி இருக்கிறதே, கேலிப்பர், எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு காலும் வளைந்து, பார்க்கப் பெரிய நண்டுக் கொடுக்கு மாதிரி, ஜில்லென்று இருக்கும். நெஞ்செலும்பின் ஓரத்தில் ஒரு முனை, மார்பகம் பக்கவாட்டில் முடியும் இடத்தில் இன்னொரு முனை. என் புது சர்ஜன் நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி அளந்தார். அப்புறம் மேல் பாகத்துச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, அதன் தடிமனையும் அளந்தார். இந்தக் கிள்ளு அளவு 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இம்ப்ளான்ட்டைத் தசைக்கு அடியில் வைப்பதுதான் நல்லது என்பது பல சர்ஜன்கள் பின்பற்றும் கணக்கு, இல்லாவிட்டால் விளிம்பு வெளியே தெரியும். டெபெட்ஸ், ஆடம்ஸ் என்று இரண்டு சர்ஜன்கள் 2005-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள், ஐந்தே அளவுகளை வைத்து ஐந்து நிமிடத்தில் முக்கிய முடிவுகளை எடுக்கிற முறை பற்றி. அதில் அகலம், தோல் எவ்வளவு இழுபடுகிறது, சதை எவ்வளவு தடிமன், காம்பிலிருந்து அடி மடிப்பு வரை எவ்வளவு தூரம் என்று உடம்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சி.சி. அதிலிருந்து வந்து விழுகிற விடை. நாம் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைத் தேடுகிறோம்.

இன்னொரு சர்ஜன் இதே அகலத்தை 13 என்று எழுதினார். அரை சென்டிமீட்டர்! அன்று ராத்திரி தூக்கமே இல்லை, நானே தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தையல் டேப் வளைவின் மேல் போகும், கேலிப்பர் நேர்கோட்டில் அளக்கும், அதனால் டேப்பில் வருகிற எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் அதைச் செய்யாதீர்கள், வீண் வேலை. அப்புறம் கேட்டபோதுதான் தெரிந்தது, உள்ளே பழைய இம்ப்ளான்ட் பக்கவாட்டில் தள்ளி வைத்திருக்கிற இடத்தையும் சேர்த்து அவர் அளந்திருக்கிறார். ரிவிஷனில் இதுதான் சிக்கல். முதல் தடவை போகும்போது அளப்பது உங்கள் உடம்பை. இரண்டாம் தடவை அளப்பது உங்கள் உடம்பும் பழைய இம்ப்ளான்ட்டும் சேர்ந்து செய்து வைத்திருக்கிற ஒரு கலவையை.

அட, முக்கியமான கதையை விட்டுவிட்டேன். ஸ்டிக்கர்!

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், என் இம்ப்ளான்ட் கார்டில் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் உண்டு, இடது பக்கத்துக்கு. வலது பக்கத்துக்கான கட்டம் காலி. 400 சி.சி., கேட்டலாக் எண், லாட் எண், சீரியல் எண் எல்லாம் இடது பக்கத்துக்கு மட்டும். முதல் சர்ஜரி செய்த இடத்தில், பெயர் சொல்ல மாட்டேன், "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ரிவிஷன் என்றதும் புது சர்ஜன் முதல் கேள்வியாகக் கேட்டது பழைய ஆபரேஷன் குறிப்பைத்தான். நான் போன் மேல் போன் போட்டேன். ரெக்கார்ட் ரூம் என்பார்கள், அங்கிருந்து வேறு எண் கொடுப்பார்கள், அந்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பிறகு எழுத்தில் விண்ணப்பம் கொடு என்றார்கள், கொடுத்தேன். அடையாள அட்டை நகலில் கையெழுத்து இல்லை என்று திருப்பினார்கள். என் கையெழுத்து, என் உடம்பு, எனக்குள் இருக்கிற பொருள், அதன் எண்ணைச் சொல்ல அவர்களுக்கு என் கையெழுத்து வேண்டுமாம்!

கடைசியில் வந்தது. ஸ்கேன் செய்த காகிதம், கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் பஞ்ச் ஓட்டை. அதில் இரண்டு ஸ்டிக்கர், பக்கத்தில் பக்கத்தில். இடது 400. வலது 425. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வலது பக்கம் மட்டும் ஏன் கனமாக இருக்கிறது, ஏன் கீழே இறங்குகிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோதெல்லாம், உனக்குத் தோன்றுகிறது, மனப்பிரமை என்று சொன்னவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நில்லுங்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அளவு மாற்றி வைத்தது தப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி யாருக்குமே இருக்காது, அதைச் சரிக்கட்ட சர்ஜன்கள் தெரிந்தேதான் வேறு வேறு அளவு வைப்பார்கள். 25 சி.சி. என்பது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு, அதனால் மட்டும் ஒரு பக்கம் இறங்கிவிடாது என்று புது சர்ஜனும் சொன்னார். ஆனால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளில் நோயாளிக்குத் தருகிற இம்ப்ளான்ட் கார்டும் ஒன்று. அவ்வளவு அடிப்படையான காகிதம் இது. சர்ஜரி முடிந்து வெளியே வருவதற்கு முன்னால் இரண்டு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறதா என்று உங்களுடன் வருகிறவரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மயக்கத்தில் எண்ணத் தெரியாது.

சரி, அளவுக்கு வருவோம். அரிசிப் பை சோதனை தெரியும் இல்லையா, காலுறையில் அரிசி கட்டி பிராவுக்குள் வைத்துப் பார்ப்பது. முதல் முறை செய்துகொள்கிறவர்களுக்கு ஓரளவு யோசனை தரும். ஆனால் பாதிப்பேர் சமையல் தராசில் 400 கிராம் எடை போட்டுக் கட்டுகிறார்கள். 400 சி.சி. என்பது கொள்ளளவு, அதை அளவுக் கோப்பையில்தான் அளக்க வேண்டும். 400 கிராம் அரிசி கிட்டத்தட்ட 500 மில்லி இடம் எடுக்கும், நீங்கள் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதைவிட முக்கியம், ரிவிஷனுக்கு இந்தச் சோதனை உதவவே உதவாது. உள்ளே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அரிசியால் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. என்னை மாதிரி குறைக்கப் போகிறவள் என்ன செய்வாள்?

3டி படம் காட்டுகிறார்களே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கிரீனில் எல்லோருக்கும் அழகாகத்தான் வருகிறது. உள்ளே பழைய கேப்சூல் (இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற தழும்பு உறை) எப்படி இருக்கிறது, பாக்கெட் (இம்ப்ளான்ட் உட்கார்ந்திருக்கிற இடம்) எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அந்தக் கேமராவுக்குத் தெரியாது. கப் சைஸ் பேச்சும் வேண்டாம். ஒரு பிராண்டில் சி, இன்னொன்றில் டி, அதை நம்பி யாராவது கத்தி வைப்பார்களா?

குறைக்கிறேன் என்று சொன்னதும் பலருக்கு அதிர்ச்சி. பெரும்பாலானோர் ரிவிஷன் என்றால் ஏற்றுவது என்றே நினைக்கிறார்கள். தோல் தளர்ந்திருக்கிறது, பெரிதாக வைத்தால் நிரம்பிவிடும் என்று ஒரு ஆலோசனையில் எனக்கே சொன்னார்கள். நிரம்பும், உண்மை. சில காலத்துக்கு நன்றாகவும் இருக்கும். சிலிகான் ஜெல்லின் எடை கிட்டத்தட்ட தண்ணீர் எடைதான், 400 சி.சி. என்றால் ஒரு பக்கத்தில் 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக, ராத்திரி பகலாகத் தொங்குகிறது. ஏற்கெனவே இழுபட்ட தோலுக்கு இன்னும் எடை கொடுத்தால் அது இன்னும்தான் இழுபடும். இம்ப்ளான்ட்டின் அழுத்தத்தில் நம் சொந்தச் சதையும் காலப்போக்கில் மெலியும், அதனால்தான் ஓரத்தில் அந்த மடிப்பு கையில் தட்டுப்படுகிறது.

குறைப்பதும் அப்படி ஒன்றும் சுலபம் இல்லை. பெரிய இம்ப்ளான்ட் இருந்த பாக்கெட்டில் சின்னதை அப்படியே போட்டால் அது உள்ளே நகரும், பக்கவாட்டில் வழியும். அதனால் பாக்கெட்டைத் தைத்துச் சுருக்க வேண்டும், இல்லை தசைக்கு அடியிலேயே புதுப் பாக்கெட் எடுக்க வேண்டும், தோல் மிச்சமாக இருந்தால் லிஃப்ட்டும், அதாவது மிச்சத் தோலை எடுத்து மார்பகத்தைத் தூக்கி வைப்பதும், சேர்க்க வேண்டும். சதை மெலிந்த இடத்தில் கொஞ்சம் கொழுப்பை எடுத்து நிரப்புவதும் உண்டு. கேப்சூல் இறுகியிருந்தால், அந்த இறுக்கத்தை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிற பேக்கர் கணக்கில் 3, 4 என்று சொல்கிற அளவுக்கு, அதை எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால் இம்ப்ளான்ட்டை மூடியிருக்கிற அடுக்கு இன்னும் மெல்லியதாகும், அப்போது அதே அளவு இம்ப்ளான்ட் கூட முன்பு மாதிரி தெரியாது. இத்தனையும் முடிவான பிறகுதான் எண். எனக்கு இப்போது பேச்சில் இருப்பது 350-இலிருந்து 375 வரை, ஹை ப்ரொஃபைல், விட்டம் 12-ஐ ஒட்டி. சொல்லிவிட்டேன், போதுமா? என் அளவைக் கொண்டுபோய் உங்கள் சர்ஜனிடம் காட்டாதீர்கள், ப்ளீஸ்.

இடையில் ஒன்று. ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்தேன், உடையவில்லை. சிலிகான் உள்ளே சத்தமில்லாமல் உடையக்கூடியது, அதனால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சர்ஜரி முடிந்து 5–6 வருடம் ஆனதும் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அதன் பிறகு 2–3 வருடத்துக்கு ஒரு முறை என்பது எஃப்.டி.ஏ. பரிந்துரை. மேல்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்றும் கார்டில் பாருங்கள். 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையைத் திரும்பப் பெற்றார்கள், அரிதான ஒருவகை லிம்போமாவோடு (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) அதற்கு இருந்த தொடர்பால். தொந்தரவு இல்லாதவர்கள் அதை எடுத்துவிட வேண்டும் என்று அப்போது சொல்லவில்லை. ஆனால் வீக்கம் ஏதாவது வந்தால் காத்திருக்கக் கூடாது. என்னுடையது வழவழப்பு.

புது சர்ஜனை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இதுதான் உங்கள் அளவு என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. பழையதை வெளியே எடுத்து, பாக்கெட்டைச் சரிசெய்து, சைஸர் என்கிற தற்காலிக இம்ப்ளான்ட்டை வைத்து, டேபிளைத் தூக்கி என்னை மயக்கத்திலேயே உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, எதிரே நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகுதான் நிஜ இம்ப்ளான்ட்டின் பெட்டியைப் பிரிப்பாராம். படுத்திருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்றார். அதற்கு அன்றைக்கு அங்கே பல அளவுகள் தயாராக இருக்க வேண்டும், ஒரே ஜோடியை மட்டும் ஆர்டர் செய்து வைத்திருந்தால் இது நடக்காது. அதையும் கேட்டு வையுங்கள்.

ஒப்புதல் படிவம் வந்துவிட்டது, கையெழுத்து இன்னும் போடவில்லை. "இம்ப்ளான்ட் மாற்றம், இரு பக்கம்" என்று ஒரே வரி. எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை அவர் அங்கே முடிவெடுக்கலாம், லிஃப்ட் தேவைப்பட்டால் என் சம்மதம் உண்டா இல்லையா, இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு வைத்தால் எனக்கு எழுதித் தருவார்களா, இந்த மூன்றையும் சேர்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது வந்த அன்றைக்கு அடுத்த வீடியோ. அதுவரைக்கும் எண் கேட்காதீர்கள், அகலம் கேளுங்கள், பதில் போடுகிறேன். பை!