நாலு சாமான் சொன்னால் ஒன்று வருகிறது

நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டை மாற்றித்தான் சொல்கிறேன்.) தம்பிக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம். காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன.

"அதெல்லாம் போயிடுச்சு சார். ஆனா சோம்பேறி ஆயிட்டான். கடைக்கு அனுப்பி நாலு சாமான் சொன்னா, ஒண்ணுதான் வருது."

தக்காளி மண்டியில் பெட்டிக் கணக்கை மனசிலேயே போட்ட பிள்ளை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அது சோம்பல் இல்லை. மூளைக்குள்ளே நீர் நிறைந்த அறைகள் உண்டு. நெடுநாள் மனச்சிதைவு நோயாளிகளுக்கு அவை பெரிதாக இருப்பதை 1976-இல் லண்டனில் ஆய்வாளர்கள் சி.டி. ஸ்கேனில் கண்டார்கள். பிறகு வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில், நெற்றிக்குப் பின்னாலும் காதை ஒட்டிய பக்கவாட்டிலும் சாம்பல் நிறப் பகுதி சற்றுக் குறைந்திருந்தது. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸும் கொஞ்சம் சிறுத்திருந்தது. கேட்டதைக் கடை போய்ச் சேரும்வரை மனசில் பிடித்து வைப்பதில் அந்த நெற்றிப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. மாத்திரை, மூளையில் சுரக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைக் கட்டுப்படுத்திக் குரலை அடக்குகிறது. இந்த மறதிக்கு அதனால் பெரிதாகப் பலன் இல்லை. பலருக்கு இந்தத் தடுமாற்றம் குரல் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளைக்குத் திடீரென்று மார்க் குறையும். நாமும் செல்போனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

"அப்போ ஸ்கேன்ல தெரிஞ்சிடுமா சார்?" என்று அந்த அம்மாவும் கேட்டார். தெரியாது. நான் சொன்னதெல்லாம் நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிட்டுப் பார்த்த சராசரி. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து இந்த நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. கட்டி, வலிப்பு என்று வேறு சந்தேகம் வந்து மருத்துவர் கேட்டால் எடுங்கள். நோயைப் படத்தில் பார்க்கத்தான் என்றால், தோட்டை அடகு வைக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கவனத்துக்கும் நினைவுக்கும் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அந்த வீட்டில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த முறை அம்மா வேறு புகாரோடு வந்தார்.

"சீட்டுல இல்லாத தக்காளியும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துட்டான் சார். கேட்டா, நாளைக்கு விலை ஏறுமாம்."