மூர் நிலமும் சேற்றுக்கரையும்: நார்தம்பர்லாந்துப் பறவைகளின் ஓராண்டு

அவையோர் அனைவருக்கும், குறிப்பாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் குடியேறிய நமக்கு நார்தம்பர்லாந்து என்றால் கோட்டைகள், நீண்ட மணற்கரை, சீஹவுசஸ் துறையிலிருந்து பஃபின் என்ற கடற்பறவையைப் பார்க்கப் புறப்படும் படகு. இந்த மூன்றையும் காணாத குடும்பம் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கடற்கரைக்குப் போகிறவர்கள் மலைப்பக்கத்து மூர் நிலத்துக்கு, அதாவது புல்லும் புதரும் படர்ந்த மரமற்ற மேட்டுநிலத்துக்கு, போவதில்லை. செவியட் குன்றுகளில் ஏறுகிறவர்கள் குளிர்காலச் சேற்றுக்கரையை எட்டிப் பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். முல்லை, நெய்தல் என்று நிலத்தைப் பிரித்துப் பழகிய மரபு நம்முடையது. கர்லியூ என்ற பறவையோ ஒரே ஆண்டில் இரண்டிலும் வாழ்கிறது.

கர்லியூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நார்தம்பர்லாந்து தேசியப் பூங்காவின் அறிவிப்புப் பலகைகளில் கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு நிற்பது அதுதான். 1956-இல் அமைந்த அந்தப் பூங்காவின் சின்னம் அது. கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் குளிர்காலத்தில் வந்து சேற்றைத் துழாவும் பெரிய கரைப்பறவையும் இதே இனம்தான்; அவை ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து இறங்குபவை.

பிப்ரவரி இறுதியில், மலையில் பனி முழுதும் உருகுமுன்பே, முதல் கர்லியூக்கள் கடற்கரையை விட்டு மேலேறத் தொடங்கும். ஏப்ரலில் பிரீமிஷ் பள்ளத்தாக்கிலோ ஆட்டர்பர்ன் மேட்டிலோ விடியற்காலையில் நின்றால் அதன் பாட்டைக் கேட்கலாம். ஆண் பறவை சட்டென்று மேலெழுந்து, சிறகை விரித்து மிதந்தபடியே இறங்கும். அப்போது மெதுவாகத் தொடங்கும் குரல் வேகம் பிடித்து, குமிழிகள் பொங்குவதுபோல் நடுங்கி உயரும். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒலிகளில் இதற்கு ஈடாக வேறொன்றை வைக்க மாட்டேன். அதே வாரங்களில் வானம்பாடி, ஆள்காட்டி, பொன்னிற உப்புக்கொத்தி எல்லாம் மேட்டுநிலத்துக்கு வந்துவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து வீட்டியர் என்ற சிறு பறவை வந்து கல்சுவர்களில் அமரும். ஏப்ரல் இறுதியில் குக்கூ வந்து, நெட்டைக்காலியின் கூட்டில் தன் முட்டையை இடும்.

கர்லியூ கூடு கட்டுவதில்லை. புல்லுக்கு நடுவே தரையில் ஒரு சிறு குழி. அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாத்தபின் குஞ்சுகள் பொரித்து, உடனே நடந்து இரை தேடத் தொடங்கும். குஞ்சுகள் முழுதாக வளருமுன்பே தாய்ப்பறவை கடற்கரைக்குப் புறப்பட்டுவிடும்; தந்தை இருந்து காவல் காக்கும். ஜூன் மாதத்திலேயே லிண்டிஸ்ஃபார்ன் தீவின் கரைச்சேற்றில் கர்லியூக்களைக் காண்பது இதனால்தான். நமக்கு அது கோடையின் உச்சம். அந்தப் பறவைக்கு ஆண்டின் பாதி முடிந்துவிட்டது.

இங்கே ஒரு செய்தியைச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்யும் கர்லியூக்களின் எண்ணிக்கை 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. 2015-இல் அது பாதுகாப்புக்கான சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளர்ந்த பறவைகள் பெருமளவில் சாவதால் வந்த வீழ்ச்சி அல்ல இது, குஞ்சுகள் பிழைப்பதில்லை. கர்லியூ நீண்ட ஆயுள் கொண்டது, முப்பது ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. எனவே ஒரே ஜோடி ஆண்டுதோறும் அதே மேட்டுக்கு வரும், பாடும், முட்டையிடும், ஒரு குஞ்சையும் பறக்கவிடாமல் திரும்பும். கீழே நின்று பாட்டைக் கேட்கிற நாம் எல்லாம் நலமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்வோம். அந்த முதிய பறவைகள் இறந்தபின் ஒரு வசந்தத்தில் திடீரென்று மேடு ஊமையாகிவிடும். என்னைத் தூங்கவிடாத விஷயம் இது.

குஞ்சுகள் ஏன் பிழைப்பதில்லை? கால்நடைத் தீவனத்துக்காகப் புல்லைச் சீக்கிரமே அறுக்கும் வழக்கம் ஒரு காரணம். ஈர மேடுகளில் வடிகால் வெட்டி உலரவைத்தது இன்னொன்று. நரியும் காகமும் பெருகியது மற்றொன்று. ஆட்டர்பர்ன் பகுதியில் 2000 முதல் 2008 வரை ஓர் ஆய்வு நடந்தது. சில நிலப்பகுதிகளில் நரியையும் காகத்தையும் கட்டுப்படுத்தினார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். கட்டுப்படுத்திய இடங்களில் கர்லியூ, ஆள்காட்டி, உப்புக்கொத்தி ஆகியவற்றின் இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வதா என்ற கேள்வி உங்களுக்கு எழும். எனக்கும் எழுகிறது. ஆனால் நரிக்கு இத்தனை மறைவிடங்களை உண்டாக்கிக் கொடுத்ததே மனிதர்கள்தான் என்பதால், கைகட்டி நிற்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

மறைவிடம் என்றதும் கீல்டர் காடு நினைவுக்கு வருகிறது. முதல் உலகப் போருக்குப்பின் நாட்டில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், 1926 முதல் அங்கே ஊசியிலை மரங்களை நட்டார்கள். இன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய வளர்ப்புக் காடு அது. திறந்த மேடு மூடிப்போனது கர்லியூவுக்கு இழப்பு. அதே காட்டில் 2009-இல் விராலடிப்பான் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இந்தக் கவுண்டியில் இல்லாதிருந்த கழுகு அது. வனத்துறையினர் மர உச்சிகளில் அமைத்துக் கொடுத்த மேடைகள் அதற்கு உதவின. அந்தக் கழுகைக் கண்டு மகிழ்கிறேன். அதற்காக எஞ்சியிருக்கும் மேடுகளிலும் மரம் நடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனிக் கடலுக்கு வருவோம். மே முதல் ஜூலை வரை, சீஹவுசஸுக்கு எதிரே உள்ள ஃபார்ன் தீவுகளில் இடம் கிடைக்காது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பஃபின் ஜோடிகள் மண்ணில் வளை தோண்டி, வளைக்கு ஒரு முட்டை இடுகின்றன. பாறை விளிம்புகளில் கில்லிமோட்கள். பாதையோரத்திலேயே ஆர்க்டிக் ஆலாக்கள். தொப்பியின்றிப் போனவர்கள் தலையில் கொத்து வாங்கியிருப்பீர்கள். நூறு கிராம் எடைதான் இருக்கும் அந்த ஆலாவுக்கு. 1982 கோடையில் இந்தத் தீவுகளில் பறக்கத் தொடங்குமுன் வளையமிடப்பட்ட ஒரு குஞ்சு, அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காணப்பட்டது. 22,000 கிலோமீட்டருக்கு மேல். வழி தெரியாத குஞ்சு, முதல் பயணம்.

ஐடர் வாத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் இன்னர் ஃபார்ன் தீவில் தனித்து வாழ்ந்து 687-இல் மறைந்த துறவி கத்பெர்ட், அந்த வாத்துகளைத் துன்புறுத்தக் கூடாது என்று விதித்ததாக மரபு. இந்த வட்டாரத்தார் இன்றும் அதைக் ‘கடி வாத்து’ என்கிறார்கள். கடி என்பது கத்பெர்ட்டின் செல்லப்பெயர்.

2022-இல் பறவைக் காய்ச்சல் இந்தத் தீவுகளைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான சடலங்களைப் பாதுகாப்பு உடையணிந்த ஊழியர்கள் பொறுக்கி அகற்றினார்கள். பார்வையாளர்கள் தீவில் இறங்குவது நிறுத்தப்பட்டு, 2024 வசந்தத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் ரோஜா ஆலாவின் ஒரே நிலையான குடியிருப்பான காக்கெட் தீவையும் அந்த நோய் விடவில்லை. மரப்பெட்டிகள் வைத்து, இரவும் பகலும் காவல் இருந்து, ஆண்டுகளாகப் பெருக்கிய கூட்டம் அது. அந்த ஊழியர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகஸ்டில் தீவுகள் காலியாகும். தகைவிலான்கள் கம்பிகளில் கூடிப் புறப்படும். அக்டோபரில் கீழைக்காற்றோடு ஸ்காண்டிநேவியாவின் பூங்குருவிக் கூட்டங்கள் வந்து வேலியோரப் பழங்களில் விழும். இலையுதிர் காலம் விரைந்து கடந்துவிடும்.

பிறகு வருகிற குளிர்காலத்தைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். செப்டம்பர் முதலே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் குஞ்சு பொரித்த வெளிர்வயிற்றுப் பிரெண்ட் வாத்துகள் லிண்டிஸ்ஃபார்னுக்கு வந்து சேர்கின்றன. அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி டென்மார்க்கில் குளிர்காலத்தைக் கழிக்கும். இந்த நாட்டில் அவை தவறாமல் வரும் இடம் இது ஒன்றே. வற்றிய கடலின் சேற்றில் வளரும் கடற்புல்தான் அவற்றின் உணவு. ஐஸ்லாந்திலிருந்து வந்த ஹூப்பர் அன்னங்கள் உள்நாட்டு வயல்களில் மேயும். சேற்றில், கோடையில் மூர் நிலத்தில் மண்புழு தின்ற அதே அலகால், கர்லியூக்கள் கடற்புழுவையும் சிறு நண்டையும் இழுத்தெடுக்கும். ஸ்காண்டிநேவியக் கர்லியூக்களும் வந்து சேர்வதால் கூட்டம் பெரிதாகத் தெரியும். அதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். மேட்டில் எத்தனை ஜோடி இருக்கின்றன என்பதே கேள்வி.

நம்மால் ஆவது இரண்டு. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, திறந்த மேட்டுநிலங்களில் நாயைக் குட்டையான வாரில் கட்டித்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். இதை நாய் வளர்க்கும் நம் வீடுகளில் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கடற்கரையில் கூட்டமாக மேயும் பறவைகளை நோக்கிப் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்; ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் அவற்றுக்கு உணவு நேர இழப்பு.

வரும் ஏப்ரலில் பிரீமிஷ் பள்ளத்தாக்குக்கும் ஜனவரியில் லிண்டிஸ்ஃபார்னுக்கும் போக விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள். ஏப்ரலுக்குக் கம்பளிச் சட்டையும் நல்ல காலணியும் வேண்டும். லிண்டிஸ்ஃபார்ன் பாதை நாளுக்கு இருமுறை கடலுக்குள் மூழ்குவது என்பதால், நீரேற்ற அட்டவணையைப் பார்த்து நேரத்தை நானே சொல்லி அனுப்புகிறேன்.