நூற்பாலைகளைத் தேடிப் போன பிரெஞ்சுக்காரர்கள்: அமெரிக்காவின் 'குட்டிக் கனடா'க்கள்

[திரையில்: கியூபெக்கிலிருந்து தெற்கே இறங்கும் ரயில் பாதை, வரைபடம்]

வணக்கம். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணம் கியூபெக் என்று நமக்குத் தெரியும். அந்த மாகாணத்திலிருந்து 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் 9 லட்சம் பேர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய் இறங்கியது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களின் ஆலை நகரங்களில்: மான்செஸ்டர் (இங்கிலாந்தில் உள்ளது அல்ல, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஊர்), லோவெல், ஃபால் ரிவர், வூன்சாக்கெட், லூயிஸ்டன்.

ஏன் போனார்கள்? நிலம் போதவில்லை. ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகள் சர்வ சாதாரணம். அப்பாவின் நிலத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கீற்றுதான் மிஞ்சும். சாரமிழந்த மண், ஏறிக்கொண்டே போகும் கடன். தெற்கே பருத்தி ஆலைகளுக்கோ ஆள் போதவில்லை, அதுவும் குடும்பத்தோடு வருபவர்கள் வேண்டும். விவசாயத்தில் பாரமாக இருந்த பெரிய குடும்பம் ஆலையில் வருமானமாக மாறியது. மான்செஸ்டரின் அமோஸ்கெக் ஆலையில் உச்ச காலத்தில் 17,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். 1909இல் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் அங்கே எடுத்த படங்களில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

[திரையில்: மெரிமாக் ஆற்றங்கரையில் செங்கல் ஆலைகள்]

ஆலையை ஒட்டி நெருக்கியடித்து எழுந்த மர வீடுகள்தான் 'குட்டிக் கனடா'. கத்தோலிக்கக் கோயில், பள்ளி, பத்திரிகை, மளிகைக் கடை எல்லாமே பிரெஞ்சில். ஒரு கோயிலைச் சேர்ந்த சபைதான் 'பங்கு'; அது நடத்தும் பங்குப் பள்ளியில் பாதி நாள் பிரெஞ்சு, பாதி நாள் ஆங்கிலம். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தால் 'தூர்த்தியேர்' என்ற இறைச்சி அடை காத்திருக்கும். மொழி போனால் விசுவாசமும் போய்விடும் என்று உறுதியாக நம்பினார்கள்.

வெளியே மரியாதை குறைவு. 1881இல் மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் ஓர் அறிக்கையில் இவர்களைக் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்று எழுதியது. சம்பாதித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள், இந்த நாட்டின் மேல் அக்கறை இல்லாதவர்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரே வரியில் இரண்டு சமூகங்களை அவமதித்த பேச்சு அது. இவர்கள் சும்மா இருக்கவில்லை. பாஸ்டனில் விசாரணை வைக்கச் செய்து, நேரில் போய்ப் பதில் சொன்னார்கள். அடுத்த அறிக்கையில் அலுவலகம் இறங்கி வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1908இல் மான்செஸ்டரில் நடந்தது. ஆலைத் தொழிலாளியின் சின்னச் சேமிப்பைப் பெரிய வங்கிகள் மதிக்காத காலம். செயின்ட் மேரி பங்கின் பாதிரியார் பியர் ஹெவே, கியூபெக்கில் கூட்டுறவுச் சேமிப்பு இயக்கத்தைத் தொடங்கிய அல்போன்ஸ் தெஜார்தேனை வரவழைத்தார். ஒரு வக்கீலின் வீட்டில், வேலை முடிந்து வருபவர்களுக்காகக் கணக்குப் புத்தகம் திறந்தார்கள். அதுதான் அமெரிக்காவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம்! இன்றும் 'செயின்ட் மேரிஸ் பேங்க்' என்ற பெயரில் இயங்குகிறது. அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

[திரையில்: வூன்சாக்கெட், 1920கள்]

சரி, அடுத்தது ஒரு பெரிய சண்டை. இவர்கள் கத்தோலிக்கர்கள், ஆனால் மேலே இருந்த ஆயர்கள் (பிஷப்புகள்) பெரும்பாலும் ஐரிஷ் வம்சாவளி. வூன்சாக்கெட் அடங்கிய பிராவிடென்ஸ் மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதி) ஆயர் வில்லியம் ஹிக்கி, உயர்நிலைப் பள்ளிகள் கட்ட ஒவ்வொரு பங்கும் இவ்வளவு தர வேண்டும் என்று விதித்தார். நம் காசை எடுத்து ஆங்கிலப் பள்ளி கட்டுவதா என்று கொதித்த வக்கீல் எல்ஃபேஜ் தேன்யோ, 1924இல் 'லா சென்டினெல்' என்ற பத்திரிகை தொடங்கினார். கோயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றார்கள், போப்பின் தலைமையிடமான ரோமுக்கு முறையிட்டார்கள், கடைசியில் நீதிமன்றமே ஏறினார்கள். 1928இல் ரோம், வழக்கில் கையெழுத்திட்டவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. அடுத்த ஆண்டு அவர்கள் பணிந்தார்கள். மொழியையும் விசுவாசத்தையும் ஒன்றாகவே பார்த்தவர்களிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்னது பெரிய கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் சரிவுதான். 1919இலேயே மெய்ன் மாநிலம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று சட்டம் போட்டிருந்தது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் பெற்றோரானபோது வீட்டிலும் ஆங்கிலமே பேசினார்கள். 1930களில் அமோஸ்கெக் மூடப்பட்டது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் சிதறின, பங்குப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. லோவெலில் பிறந்த எழுத்தாளர் ஜாக் கெருவாக் கூட ஆறு வயது வரை பிரெஞ்சு மட்டுமே பேசியவர். அவர் பிரெஞ்சில் எழுதி வைத்த பக்கங்கள், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து 2016இல்தான் புத்தகமாயின.

[திரையில்: லூயிஸ்டன், இன்று]

உங்களுடையது சரியான பிரெஞ்சு இல்லை என்று ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் லூயிஸ்டனில் இன்றும் இருக்கிறார்கள். அதே ஊருக்குக் காங்கோவிலிருந்தும் ஜிபூட்டியிலிருந்தும் பிரெஞ்சு பேசும் புதிய குடியேறிகள் வந்திருக்கிறார்கள். உச்சரிப்பு வேறு, சில சொற்களும் வேறு. ஆனாலும் முதியவர்கள் பேசுவது புதியவர்களுக்குப் புரிகிறது, பதிலும் பிரெஞ்சிலேயே வருகிறது.